ஃபாரம்

செவ்வாயும் வியாழனும் ராத்திரி ஏழரைக்கு
தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில்
ஒன்பது பேர் இங்கிலீஷ் பேசப் பழகுகிறோம்.
ஜாஸ்லின் மிஸ்ஸுக்கு வயசு இருபத்தொன்று.
எங்களில் சின்னவளான எனக்கே முப்பத்து நாலு.

"ஒபினியனை மேக் பண்ணக் கூடாது,
ஃபார்ம் பண்ணணும்" என்றாள்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கஜபதி கை தூக்கினார்:
"அந்த ஃபாரம் எந்த ஆபீஸ்ல குடுக்கறாங்க மிஸ்?"

சிரித்து முடிக்கும் முன்னே போர்டு நிறைந்துவிட்டது.
ஒபினியனை ஹோல்ட் பண்ணலாம்,
எண்ணூர் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கிற மாதிரி.
கன்க்ளூஷனுக்கு ஜம்ப் பண்ணக் கூடாது.
மைண்டை மேக்கப் பண்ணிவிட்டால்
தீர்மானித்தாயிற்று என்று அர்த்தமாம்.
பவுடர் அப்பிய மனசு ஒன்று
கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தது எனக்குள்.

எங்கள் வீட்டில் இதற்கு இத்தனை வேலை கிடையாது.
படும். அவ்வளவுதான்.
ராத்திரி காயப்போட்ட வெள்ளை யூனிபார்மில்
காலையில் சாம்பல் பட்டிருக்கிற மாதிரி.
யாரும் போட்டதில்லை.
கேட்டால், காற்று என்பார்கள்.

சனிக்கிழமை எர்ணாவூர் கல்யாண மண்டபத்தில்
கருத்துக் கேட்பு.
ஆலைக்கு இன்னொரு புகைபோக்கி வருகிறது.
மணமக்கள் பெயர்ப்பலகையில்
போன வாரத்துத் தெர்மாகோல் எழுத்து
பாதி ஒட்டிக்கொண்டிருக்க,
சோபாவில் அதிகாரிகள்.
"பொதுமக்கள் அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது."
"ஜம்ப்பு" என்று என் காதில் சொன்னார் கஜபதி.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.
பெயர். முகவரி. கருத்து.
கருத்துக்கு ஒன்றரை வரி.
கஜபதி அதைத் தூக்கி எனக்குக் காட்டினார்,
லாட்டரி விழுந்தவர் மாதிரி:
"கெடைச்சிடுச்சு பாத்தியா, ஃபாரம்!"
ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்திருந்தார்.
எழுதியது மூன்றே வார்த்தை:
எனக்குச் சரியாப் படல.

வாங்கிப் பார்த்த பையன் கேட்டான்,
"காரணம் எழுதலையே சார்?"
"எங்க எழுத, எடம் எங்க கீது?"

செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக வந்திருந்தார்.
"சரியாப் படலன்னா இங்கிலீஷ்ல என்ன மிஸ்?"
ஐ ஹாவ் டவுட்ஸ், என்றாள்.
"டவுட்டே இல்ல மிஸ், அதான் சொல்றேன்."
ஐ டோன்ட் திங்க் ஸோ?
"திங்க்லாம் பண்ணல. பட்டுச்சு."

ஜாஸ்லின் போனில் தேடினாள்,
உதட்டைக் கடித்தாள்,
"பாத்துட்டு வியாழக்கிழமை சொல்றேன் அங்கிள்" என்று
திரும்பி, போர்டை அழித்தாள்.
முன்வரிசையில் இருந்த எல்லார் மேலும்
வெள்ளையாகப் பட்டது.