மும்முனை மின்சாரம்

பகலெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்
வருமானச் சான்று, வாரிசுச் சான்று,
பட்டா நகல், பக்கத்துக்குப் பத்து ரூபாய்.
ராத்திரி ஒன்பதுக்கு ஷட்டரை இறக்கிவிட்டால்
அதே மேசை, அதே மவுஸ்,
ஈரத்துணியால் ஒரு துடைப்பு;
ஸ்டுடியோ.

களக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே
எங்கள் ஊரில் வேறு ஸ்டுடியோ கிடையாது.
போட்டோ எடுக்கிறதுகூட
போன வருஷம் செருப்புக் கடையாகிவிட்டது.

மைக்குக்கு முன்னால் எம்பிராய்டரி வளையம்.
அதில் இழுத்துக் கட்டியது
அண்ணன் மகளின் பள்ளிக்கூடச் சாக்ஸ்.
'ப' வரும் இடமெல்லாம் அடியை அது வாங்கிக்கொள்ளும்.
சன்னலுக்கு மெத்தை, கதவிடுக்குக்குச் சாக்கு.
ஃபேனை நிறுத்தவேண்டும்.
ஃபிரிட்ஜையும்.
மூன்று நாள் பால் திரிந்தபின்
பிளக் பக்கத்தில் அம்மா ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்:
பாட்டு முடிஞ்சா போடு.

பேராச்சி வருவாள்,
மண்டியில் குலை எண்ணி முடித்து
கையெல்லாம் வாழைக்கறையோடு.
ஹெட்போனில் தன் குரல் கேட்டதும்
"ஏளா, யாரு இது, எங்க அத்தைல்லா பாடுகா" என்பாள்.
முதல் மூன்று டேக் சிரிப்பிலேயே போகும்.
அவற்றை நான் அழிக்கவில்லை.
டி டிரைவில் இருக்கின்றன,
சாதிச் சான்றிதழ்களுக்குப் பக்கத்தில்.

இரைச்சலை நீக்கவேண்டுமென்றால்
முதலில் பத்து விநாடி
சும்மா இருக்கச் சொல்கிறது மென்பொருள்.
அமைதி எப்படி இருக்குமென்று
அதற்குத் தெரியவேண்டுமாம்.
இருந்தோம்.
பல்லி.
கம்ப்யூட்டர் உள்ளே சுற்றும் குட்டி ஃபேன்.
மலையடியில் பன்றிக்கு யாரோ போட்ட வெடி.
பேராச்சி எச்சில் விழுங்கியது.
எல்லாவற்றையும் பாட்டிலிருந்து கழித்தேன்.
போயே போய்விட்டது,
கூடவே அவள் குரலில் இருந்த ஏதோ ஒரு ஈரமும்.
பழையபடி ஆக்கினேன். வெடியும் இருக்கட்டும்.

பதினொன்று நாற்பதுக்கு
மும்முனை மின்சாரம் வரும்.
வந்தால் பூதத்தான் மோட்டார் ஓடும்.
சுவரை ஒட்டிய ஏத்தன் தோட்டம்,
செல்போனிலேயே போடுகிற ஸ்டார்ட்டர்.
ஆள் பாயில், மோட்டார் விழிப்பில்.
மெத்தையைத் தாண்டி, சாக்கைத் தாண்டி
மூன்றாவது சரணத்துக்குள் வந்து
ம்ம்ம்ம் என்று உட்காரும்.

'சவத்தெழவு' என்றேன்.
அதுவும் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

மூன்று இரவு இப்படி.
நாலாம் இரவு, கோபத்தில்,
அந்த ம்ம்ம்மை மட்டும் வெட்டியெடுத்து
திரை முழுக்க விரித்துப் பார்த்தேன்.
ஐம்பது. அதன்மேல் நூறு. அசையாத நூறு.
என் கிதாரின் ஜி அதற்கு
ஒரு திருகு கீழே நின்றது.
மின்வாரியம் ஊர் முழுக்கச் சுருதி கொடுத்துக்கொண்டிருக்கிறது,
நான்தான் சேராமல் இருந்திருக்கிறேன்.

ஆறு தந்தியையும் ஏற்றினேன்.
பேராச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அவளாகவே மோட்டார் மேல் ஏறி நின்றுகொண்டாள்.
ஒரே டேக்.

மறுநாள் காலை தண்ணி பாய்ச்சி வந்தவரை
உள்ளே கூப்பிட்டு ஹெட்போன் மாட்டினேன்.
கண்ணை மூடிக் கேட்டார்.
தலைகூட லேசாக ஆடியது.
"ஏம்மா, பேரிங் போயிருக்கே!
பக்கத்துல நின்னா ஒண்ணும் தெரியல,
இதுல எவ்வளவு தெளிவா கேக்கு."
பாட்டைப் பற்றி எதுவும் இல்லை.

சாயந்திரம் மோட்டாரைக் கழற்றி
லோடு ஆட்டோவில் ஏற்றும்போது
சன்னலண்டை வந்து நின்றார்.
"எம் பேரு போடுவேன்னியாம்லா, பேராச்சி சொன்னா.
இதுலயாவது எழுத்தை விட்டுராத."
வருமானச் சான்றில் ஒரு 'த்' விட்டுப்போய்
நாங்குநேரிக்கு ரெண்டு நடை நடந்தவர்.

கோப்பைத் திறந்தேன்.
குரல்: பேராச்சி. கிதார்: நான்.
தம்புரா என்று அடித்து
அழித்தேன்.
மோட்டார்: சங்கிலிபூதத்தான்.
ஒவ்வொரு எழுத்தாய் ரெண்டு தடவை பார்த்தேன்.

ஃபிரிட்ஜை இன்னும் போடவில்லை.