ரெண்டு, ரெண்டு, மூண்டு

பகல் முழுக்க எண்ணுவதுதான் வேலை.
வெள்ளவத்தைக் கிளையில், மூன்றாவது கவுண்டரில்,
ஈரப் பஞ்சில் பெருவிரல் தொட்டு
ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை
உதடு அசையாமல் நூறு வரைக்கும் எண்ணுவேன்.
பின்னேரம் ஆறரைக்கு
பியானோ முன்னால் உட்கார்ந்தால்
ஏழு வரைக்கும் எண்ண வரவில்லை.

பிழை என்னிலா, மொழியிலா?
ஒண்டு ரெண்டு மூண்டு நாலு
அஞ்சு ஆறு ஏழு.
சொல்லிப் பாருங்கள்,
ஒன்றுகூட ஒற்றை அசையில் இல்லை.
ஏழு முடிவதற்குள் நாக்கு
பதினாலு தரம் புரள வேண்டியிருக்கிறது.
விரல்கள் அதற்குக் காத்திருப்பதில்லை.

ஷெனாலிக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு நாற்பத்து மூன்று.
பென்சிலால் தாளில் வளைவு போட்டுத் தந்தாள்:
சின்னது, சின்னது, பெரியது.
"ஏழென்று நினைக்காதீங்க அக்கா,
மூன்றென்று நினையுங்க.
கடைசி மட்டும் கொஞ்சம் நீளம்."

அவள் போன பிறகு
பஸ் கொண்டக்டர் குரலில் முயன்றேன்.
கோட்டை, கோட்டை, பொரளை.
கோட்டை, கோட்டை, பொரளை.
இரண்டு வரி நன்றாக ஓடியது.
மூன்றாவதில், நூறாம் நம்பர் பஸ்ஸில் போய்வந்த வாய்
பழக்கத்தில் கொள்ளுப்பிட்டி என்றது.
இடது கை ஒரு பக்கம், வலது கை ஒரு பக்கம்
எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

மெட்ரோனோமுக்கு எல்லாத் தட்டும் ஒன்றுதான்.
கீழ் வீட்டு ஃபர்ஸானா
படியில் கண்டபோது சொன்னாள்:
"அந்த மிஷின் ஒழுங்காத்தான் போகுது.
நீங்கதான் இடைக்கிட தடுக்கி விழுறீங்க."

அது எனக்குப் பழகிய சொல்.
மூன்று வருஷத்துக்கு முன்
ஹம்டன் லேன் மூலையில் ஓர் ஓட்டோ
என் வலது கணுக்காலில் ஏறியது.
உள்ளே ஒரு தகடு, ஆறு திருகாணி.
பிசியோ அறையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே
"சமமா, மிஸ், சமமா" என்று
ஒரு வருஷம் நடத்தினார்கள்.
சமம் வரவே இல்லை.
வலது, சுடுமணலில் பட்டதுபோல் உடனே எழும்பும்,
இடது நின்று
இரண்டு பேருக்குமாகப் பொறுத்துக்கொள்ளும்.
அன்று சமமாக நடக்கக் காசு கட்டினேன்,
இன்று சமமில்லாமல் எண்ணக் கட்டுகிறேன்.
சிரிப்பு வந்தது, யாரிடம் சொல்ல.

வியாழக்கிழமை கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை,
தோளில் மரக்கறிப் பை, மூன்று மாடி.
கைப்பிடியில் கை,
வலது,
இடது.
கைப்பிடி, வலது, இடது.
கடைசியில் எப்போதும் அந்தச் சின்னத் தங்கல்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்தான் கவனித்தேன்,
உதடு அசைந்துகொண்டிருந்தது.
கோட்டையுமில்லை பொரளையுமில்லை,
பத்தொன்பதாம் கட்டம், அப்படியே.

பியானோவுக்குக் கரண்ட் தேவையில்லை.
போன் வெளிச்சத்தைத் தாளில் சாய்த்து வைத்து,
பை இன்னும் கதவடியில் கிடக்க,
பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.
கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று
தன்பாட்டில் நாலு நாலாகப் போனது.
நான் அதில் ஏறவில்லை.
இருபத்திரண்டில் பெடல் பிந்தியது,
பெடலும் அந்தக் காலுக்குத்தானே,
எல்லாச் சத்தமும் ஒன்றோடொன்று கரைந்துபோனது.
மறுபடி பத்தொன்பதிலிருந்து.

வெள்ளி மாலை கணக்கு முடிக்கையில்
என் பெட்டியில் இருபது ரூபாய் கூட.
மனேஜர் நஸ்ரீன் திரும்ப எண்ணச் சொன்னார்.
மூன்று தரம் எண்ணினேன், கூடத்தான்.
"கூடினாலும் பிழைதான், மிஸ்,
குறைஞ்சாலும் பிழைதான்."
ஓம் என்று சொல்லி
சிவப்புப் பேனையால் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.
மேசைக்குக் கீழே செருப்பு
ஆறு திருகாணியோடும் தட்டிக்கொண்டிருந்தது,
ரெண்டு, ரெண்டு,