பொருள் எண் நான்கு

பொருள் ஒன்று, தெருவிளக்கு.
இரண்டு, நாய்க்கடி ஊசி.
மூன்று ஒத்திவைக்கப்பட்டது.
நான்குக்கு வந்தபோது
சமுதாயக் கூடத்தில் கரண்ட் போயிருந்தது.

"வசிஷ்ட நதி. புல எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
நாலு புள்ளி எட்டு ஹெக்டேர்.
ஒரு மீட்டர் ஆழம், இரண்டு வருடம்."
கனிமவளத் துறைத் தம்பி
செல்போன் வெளிச்சத்தில் வாசிக்கிறார்.
வரைபடத்தில் ஆறு நீலமாக இருக்கிறது.
ஆத்தூருக்குக் கிழக்கே ஒருவரும்
அதை அந்த நிறத்தில் பார்த்ததில்லை.
ஐப்பசியில் இரண்டு நாள் செம்மண் நிறம்,
ஜவ்வரிசி ஆலை ஓடும் மாதங்களில்
புளித்த கஞ்சி நிறம்,
மற்ற நாளெல்லாம் ஆடு படுக்கும் வெள்ளை.

நான் ஊராட்சிச் செயலர்.
பேசுவதற்கு எனக்குப் பத்தி இல்லை.
எழுதுவதற்குப் பக்கத்துக்கு முப்பத்திரண்டு வரி.

லாரி தனசேகரன் எழுந்தார்.
"பதினெட்டு வண்டி நிக்குது சார்.
டியூ மட்டும் நிக்கல."
சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
எழுதினேன்: ஒருவர் ஆதரித்துப் பேசினார்.

அங்காயி எழுந்தாள்.
கையில் மரவள்ளிக்கிழங்கின் பால் கறை.
"எம்மவன் வூட்டுக்கு இன்னும் தளம் போடல.
மணல் எனக்கும் வேணுந்தான்.
ஆனா..."
அந்த ஆனாவோடு உட்கார்ந்துவிட்டாள்.
அதற்கு என்ன எழுதுவது?

பிறகு அத்தியண்ணன்,
தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர்.
மைக் வேண்டாம் என்றார்.
"ஆத்தோர போர்ல
நான் வேலைக்குச் சேர்ந்தப்ப மூணு பைப்பு.
செக்டேம் ஒடைஞ்ச வருசம் அஞ்சு.
போன தடவ குவாரி ஓடி முடிச்சப்ப எட்டு.
இப்பப் பதினொண்ணு.
ஒரு பைப்பு இருவதடி. கணக்கு நீங்களே போடுங்க."

தம்பி தாளைப் புரட்டினார்.
"ஐந்நூறு மீட்டருக்குள்
குடிநீர் ஆதாரம் ஏதுமில்லைன்னு அறிக்கையில இருக்கே?"

"அப்ப தினம் காலைல
நான் யாருக்குங்க வால்வு தொறக்கறேன்?"

யாரோ கைதட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.
வட்டாட்சியர் என் பக்கம் சாய்ந்தார்.
"கருத்துகள் பரிசீலிக்கப்படும்னு
முடிச்சிடுங்கம்மா."

பதினோரு வருடமாக எழுதுகிறேன் அந்தச் சொல்லை.
அதற்குள் போன எதுவும்
திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.
பேனா நின்றது.
அத்தியண்ணன் என்னைப் பார்த்தார்,
உடனே ஜன்னலைப் பார்த்தார்.

அவருக்குத் தெரியும்.
என் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கடியில்
போன வெள்ளி ராத்திரி இறங்கிய இரண்டு யூனிட்.
ரசீது கேட்கவில்லை நான்.
லாரிக்காரன் ஹெட்லைட்டை அணைத்தபிறகுதான்
கதவையே திறந்தேன்.
விடியற்காலை நாலரைக்கு மோட்டார் போடப் போகிறவர்
அந்த வழியாகத்தான் சைக்கிளில் போகவேண்டும்.

எழுதினேன்.
மூன்று. ஐந்து. எட்டு. பதினொன்று.
எண்ணால் ஒருமுறை, எழுத்தால் ஒருமுறை,
காசோலையில் எழுதுவதுபோல.
அதன்கீழே: அங்காயி, வார்டு இரண்டு, "ஆனா"
என்று எழுதி
அடுத்த வரியைக் காலியாக விட்டேன்.
அதற்கும் கீழேதான் பரிசீலிக்கப்படும்.
வட்டாட்சியர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.
டீ ஆறிப்போயிருந்தது.

வீட்டில்
தார்ப்பாயின் ஒரு மூலை காற்றில் விலகியிருந்தது.
மணலில் நகக்கண் அளவு சிப்பி ஒன்று.
கொத்தனார் சலித்தால் போய்விடும்.
மூலையை இழுத்துக் கல் வைத்தேன்.
கொத்தனாரை நாளைக்கு வரச்சொல்லியிருந்தேன்,
இன்னும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஒன்பது நாள் கழித்து
ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன்.
"மேடம், அஞ்சாம் பக்கத்துல
ஒரு வரி காலியா இருக்கே,
என்ன விட்டுப்போச்சு?"

அங்காயி ஆலையில் கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள்,
ஆறு மணிக்குத்தான் விடுவார்கள்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.