பறவையாகவும் இருக்கலாம்

மூன்றாம் நாளும் மழை.
சூலியா தெருவில் ஓட்டல் திறக்கப்போகும் கெங் சூன்
ஈரப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்
ஐரோப்பா, ஆறு தாள்.
"மாடிப்படி ஓரமா வரிசையா மாட்டணும்.
ஒரு கறை இருக்கக்கூடாது, கலாவல்லி."

ரூவான், பிராக், நூரம்பெர்க்.
அச்சின் அடியில் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நிற்கும் வீடுகள்.
பூதக்கண்ணாடி வைத்தால் வீடு கலைந்துவிடும்,
கோடு, அதன்மேல் குறுக்குக் கோடு, அவ்வளவுதான்.
வெறும் வானத்துக்கு எவனோ ஒருவன்
ஆயிரம் கோடு இழுத்திருக்கிறான்
ஒன்றோடொன்று முட்டாமல்.

ரூவான் கோயில் வாசலில் ஆட்கள் அரிசி அளவு.
வேண்டுமென்றேதான்.
ஆளைக் குறுக்கினால் கோபுரம் தானாக ஏறும்;
கொம்தார் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளும்
எல்லாருக்கும் தெரிந்த தந்திரம்.
ஒருத்தி மட்டும் அதற்கு முதுகு காட்டி
வாளியோடு போகிறாள்.
அவளுக்கு வேலை இருக்கிறது.

கொலோன் தாளைப் பார்த்து கெங் சூன் முகம் சுளித்தார்.
கோபுரம் பாதியில் நிற்கிறது,
தலையில் ஒரு மரப் பாரந்தூக்கி.
"கிழிஞ்சிருக்கா, இல்ல ஏமாத்திட்டானா?"
கட்டி முடிக்கவில்லை, என்றேன்.
சில நூறு வருஷம் அது அப்படியே நின்றதாம்.
அவர் வெளியே எட்டிப் பார்த்தார்.
எதிர்ச்சந்தில் அவருடைய ஓட்டலின் சாரம்
நனைந்துகொண்டிருந்தது.
வேறொன்றும் கேட்கவில்லை.

பினாங்குக் காற்று தாளுக்குள் புகுந்து
தன் பங்குக்குத் தேநீர் நிறத்தில்
புள்ளி வைத்திருந்தது.
நூரம்பெர்க் கூரையில் நாலு, பிராக் ஆற்றில் பத்துப் பன்னிரண்டு.
ஈரப் பஞ்சு, பிறகு தூரிகை, மூச்சை அடக்கி
ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
கொலோன் வானத்தில், பாரந்தூக்கியின் கைக்குச் சற்று மேலே
கடைசிப் புள்ளி.
மற்றவற்றைவிடக் கருப்பு. கொஞ்சம் இறகு மாதிரி.
எடுத்தேன். வந்துவிட்டது.

பிறகுதான் கண்ணாடியை நகர்த்தினேன்.
பக்கத்தில் இன்னும் ஆறு.
மையில் இருந்தன. அசையவில்லை.
துடைத்தால் பூஞ்சணம் போகும், மை போகாது,
எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்,
இரண்டாவது தடவை சத்தமாக.
ரசீதில் எழுதினேன்:
சட்டம் ஆறு, கண்ணாடி ஆறு, கறை நீக்கம்.

ஓட்டல் திறந்து எட்டு மாதம்.
மின்தூக்கி இருக்கிறது, நான் படியேறுகிறேன்.
வாளிக்காரி இன்னும் போய்ச் சேரவில்லை.
கொலோனில் ஆறு பறவைகள்.
ஏழாவது இருந்த இடத்தில், இருந்ததென்றால்,
கோடுகள் மட்டும், சற்று வெளுத்து.
கண்ணாடிக்கு உள்பக்கம், கீழ் மூலையில்
புதிதாக ஒரு புள்ளி பிடித்திருக்கிறது.
யாரிடமும் சொல்லவில்லை.