ஒரு பல்

அறுபத்திரண்டில் தொடங்குகிறது.
எழுபத்தெட்டில் அடங்கிவிடுகிறது.
நடுவில் இருக்கும் பதினாறு கிலோமீட்டர் வேகத்துக்கு
சீட்டுக்கடியில் ஒரு தேன்கூடு.

பெல்லியப்பா கன்னடம் கலந்து சொன்னது இவ்வளவுதான்:
"ஜிப்ஸி தும்மப் பார்க்குது மேடம், தும்மல் வரல்ல."
போன மாதம் அதை மூன்றரை அங்குலம்
தூக்கி நிறுத்தியவள் நான்.

பெங்களூரில் அறுபத்திரண்டைத் தொட
விடிகாலை நாலரைக்கு எழ வேண்டும்.
ஹென்னூர் தாண்டி, பாகலூர் சாலையில்,
பால் வண்டிக்கும் ஏர்போர்ட் டாக்சிக்கும் நடுவே
கிடைக்கிற முக்கால் கிலோமீட்டர்.
முபீன் பின்னால் குந்தியிருந்தான்,
தரையில் உள்ளங்கையை வைத்து,
காய்ச்சல் பார்ப்பவன் மாதிரி.

எழுபதில் நியூட்ரலுக்குத் தள்ளினேன்.
எஞ்சின் முனகி அடங்கியது. நடுக்கம் அடங்கவில்லை.
சரி, எஞ்சின் நிரபராதி.
ஸ்டீயரிங் கையில் பேசாமல் கிடக்கிறது,
பேச்செல்லாம் இடுப்புக்குக் கீழே.
பின் டயர்களை முன்னால் மாற்றினோம்.
பேலன்ஸ் பார்த்தோம். பேரிங் பார்த்தோம்.
எத்தைத் தின்றால் பித்தம் தெளியும்.

மூன்றாம் நாள் பின் ஷாஃப்டைக் கழற்றி
முபீன் மடியில் கிடத்திவிட்டு
முன் சக்கரங்களை மட்டும் இழுக்கவிட்டேன்.
அறுபத்திரண்டு. அறுபத்தெட்டு. எழுபத்தைந்து.
டேஷ்போர்டில் இருந்த டீயின் ஆடை
கிழியவில்லை.

வண்டியைத் தூக்கினால்
படுத்திருந்த ஷாஃப்ட் சரிந்து நிற்கும்.
மேல் மூட்டு எவ்வளவு மடங்குகிறதோ
கீழ் மூட்டும் அவ்வளவே மடங்க வேண்டும்.
மேலது ஒரு சுற்றில் இரண்டு முறை அவசரப்படும்,
இரண்டு முறை தயங்கும்;
கீழது அதைத் தலைகீழாகச் செய்து கணக்கைத் தீர்க்கும்.
தீராத பாக்கி தரை வழியே ஏறி
ஓட்டுபவரின் முதுகெலும்பில் வந்து உட்காரும்.

போனைச் சாய்த்துக் கோணம் அளந்தேன்.
மேலே எட்டு டிகிரி. கீழே ஐந்தரை.
கோணல்! என்று நான் போட்ட சத்தத்தில்
பக்கத்து ஷெட்டில் வெல்டிங் நின்றது.
கலாசிபாளையத்தில் புது கிராஸ் ஒரு ஜோடி,
எஸ்.ஜே.பி. ரோடு லேத்தில்
இரண்டரை டிகிரிக்குச் சீவிய இரண்டு ஆப்பு,
ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே செருகி
யூ-போல்ட்டை முறுக்கினேன்.
பெல்லியப்பாவுக்குப் போன் போட்டுப் பாடமே நடத்தினேன்:
உயரத்துக்கு ஆசைப்பட்டால் வரும் வரி சார் இது.

மறுநாள் நாலரை.
அறுபத்திரண்டில் தேனீக்கள் குறைந்திருந்தன.
போயிருக்கவில்லை.
முபீன் என்னைப் பார்க்கவில்லை,
தரையிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

அன்று இரவு ஷாஃப்ட் பெஞ்சில் கிடந்தது.
கிரீஸைத் துடைத்துக்கொண்டே
ஒரு முனைக் கவட்டையிலிருந்து மறு முனைக் கவட்டைக்குச்
சும்மா கண்ணை ஓட்டினேன்.
ஒரே திசை பார்க்க வேண்டிய இரண்டும்
சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி
லேசாக
முகம் திருப்பி.

நடுவில் நழுவுகிற ஸ்பிளைனில்
ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறது.
மாட்டியிருக்கிறது என்ன,
மாட்டியிருக்கிறேன்.

போன மாதச் சனிக்கிழமை. மழை. கரண்ட் இல்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அடையாளக் கோடு போடாமல் உருவியது இதே கை.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
வேடிக்கை, கூடமும் கோணல்தான்.
ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியதைக்
கடைசியில் பார்த்தேன்,
அதில் என் கைரேகை இருந்ததால்.

உருவி, ஒரு பல் திருப்பி, தள்ளினேன்.
டிராயரில் காய்ந்துகொண்டிருந்த நகப்பாலிஷால்
இரண்டு துண்டுக்கும் சேர்த்து ஒரே கோடு.
சிவப்பு.

பில்லில் கிராஸ் எழுதினேன், ஆப்பு எழுதினேன்.
கூலி என்ற இடத்தில் பேனா நின்றது.

பெல்லியப்பாவே ஓட்டினார்.
எழுபதில் வாய் திறந்து காத்திருந்தார், எதுவும் வரவில்லை.
"என்ன மேடம் பிரச்சினை, கடைசியில?"
"ஒரு பல் சார்."
ஒரு கையை எடுத்துத் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார்.

யார் தள்ளி மாட்டியது என்று அவர் கேட்கவில்லை.
பாகலூர் திருப்பம் வரும்வரை
நானும் சொல்லவில்லை.