தலைக்குள் இரண்டு கல்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு
வேலாய்தன் தலைகளைக் கொண்டுவருவார்.
நீல வாளி, ஐஸ், அதன்மேல் நனைந்த செய்தித்தாள்.
உடம்புகள் காலையிலேயே விற்றுப்போயிருக்கும்
வார்விக் முனைச் சந்தையில்.
தலைகள் எனக்கு ஐந்து மணிவரை கடன்.
கல்லை எடுத்துக்கொண்டு திருப்பித் தரவேண்டும்,
சாட்ஸ்வர்த்தில் ஒருத்தி புளி கரைத்துக் காத்திருக்கிறாளாம்.

டர்பனில் இதற்குக் கோப் என்று பேர்.
எங்கள் வீட்டில் கத்தாளை,
அதுவும் சட்டிக்குள் போன பிறகு.

செதிலை எண்ணினாலும், துடுப்பை விரித்தாலும்,
வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாலும்
நான் ஒருத்திதான் என்று சாதிக்கிற மீன்.
எனக்கு முன்னால் இந்த மேசையில் இருந்தவர்கள்
நாற்பது வருடம் நம்பி
ஒரே இழுப்பறையில் போட்டுவைத்தார்கள்.

கண்ணுக்குப் பின்னால் கத்தியைச் சாய்த்து
ஒரு தட்டு.
மண்டை, முற்றாத பூசணிபோல் விட்டுக்கொடுக்கும்.
மூளை சுண்டைக்காய் அளவு.
அதற்கும் கீழே ஈரப் பைகளில்
மொச்சைப் பருமனில் இடதொன்று, வலதொன்று.

உள்பக்கம் திருப்பினால்
யாரோ நகத்தால் கீறினதுபோல் ஒரு தலைப்பிரட்டை.
ஒன்றில் அதன் வால் சட்டென்று மடங்கும்,
குடையின் கைப்பிடி மாதிரி.
மற்றதில் யோசித்து யோசித்து
ஓரம்வரை போய்த்தான் வளையும்.
அவ்வளவுதான். ஒரு வால்.
அதற்காக முந்நூற்றுப் பன்னிரண்டு உறைகளைப் பிரித்தேன்.
ஒவ்வொன்றிலும் மங்கிய பென்சில்:
நாள், வலை, ஆண், பெண், தெரியவில்லை.
தெரியவில்லை என்று எழுதியவரை எனக்குப் பிடித்துப்போனது.

வேலாய்தனுக்கு லென்ஸில் காட்டினேன்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.
"ஒண்ணு மாதிரித்தான் இருக்கு, மிஸ் கோவெண்டர்."
(கவுண்டர் என்று யாரோ சொன்னதை
கப்பல் குமாஸ்தா கேட்ட விதம் கோவெண்டர்.
லேபிளில் பிழை இருந்தாலும்
சரக்கு நூறு வருடம் தாங்கும்.)

பிறகு கல்லை வெட்டி விளக்கில் வாட்டினேன்.
பழுப்பு வளையங்கள் எழுந்துவந்தன,
குளிருக்கு ஒன்றாக.
ஐந்து.
ஐந்து வயதிலும் சினைப்பை நூலாய்க் கிடந்தது.
மற்றது இதற்குள் மூன்றுமுறை முட்டையிட்டிருக்கும்.
அதைப் பார்த்துத்தான் சட்டம் எழுதினார்கள்,
இதற்கும் சேர்த்து.

"அப்ப?" என்றார்.

அப்படியென்றால் இது இன்னும் குழந்தை.
அப்படியென்றால் முழங்கை நீளம் போதாது,
இடுப்புயரம் வளரவிட வேண்டும்.
அப்படியென்றால் வருகிற வருடம்
உங்கள் வலையில் பாதி மறுபடி தண்ணீருக்கு.
இதில் எதையும் நான் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றினேன்.

"பேரைப் பிரிச்சா அடுத்தது அளவு வரும், அப்புறம் சீட்டு வரும்.
எங்கண்ணன் சீட்டுல மலாய். என் சீட்டுல இந்தியன்.
ஒரே அம்மா. அவன் போன ஸ்கூலுக்கு நான் போகல."
மீன் விலை சொல்லுகிற குரல்தான்.

அது வேறு, இது வேறு என்று வாயெடுத்தேன்.
வேறுதான்.
ஆனாலும் என் கையில் ஒரு இடுக்கி, ஒரு உறை,
சீவிவைத்த பென்சில்.

தலைகளை வாளியில் அடுக்கினார்,
பிளந்த இடத்தைப் பொருத்தி,
வாங்குகிறவள் கண்ணில் படாதபடி.
கதவருகே போய்த் திரும்பினார்.
"ராத்திரி, உம்கெனி வாயில, கலங்கல் தண்ணி.
ஒண்ணு மூஞ்சி ஒண்ணுக்குத் தெரியாது.
அதுங்க எப்படித் தன் ஜோடியக் கண்டுபிடிக்குது?"

உறுமும், என்றேன். கேட்டுக்கொள்ளும்.
கேட்பதற்குத்தானே அந்தக் கல்.

அதை நாங்கள் பார்ப்பதற்கு வைத்திருக்கிறோம் என்பது
அவர் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது.

முந்நூற்றுப் பதின்மூன்றாவது உறை.
நாள். வலை. பெண். ஐந்து வளையம்.
பெயருக்கான கோட்டில் புதுப் பெயரை எழுதினேன்,
மறுபக்கம் தடம் விழும்படி அழுத்தி.

அடுத்த வெள்ளி, மூன்று அடித்து வெகுநேரம்,
இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு
படிக்கட்டில் வாளிச் சத்தம் கேட்கிறதா என்று
உட்கார்ந்திருந்தேன்.