விழுந்தவருக்கு எழுதிய மொய்

மிளகு பறிக்க ஏறிய ஒற்றை மூங்கில் ஏணி
முறியவில்லை.
கணு ஒன்று வழுக்கியது, அவ்வளவுதான்.
இன்னமும் அந்த சில்வர் ஓக் மரத்தில்தான் சாய்ந்து நிற்கிறது.
எடுத்துவைக்க யாருக்கும் கை வரவில்லை.

பனி விலகாத பதினோரு மணி.
காஜா மைதீனின் ஜீப்பில்
பின்சீட்டைக் கழற்றி எறிந்து
எங்கள் வீட்டுக் கதவையே பெயர்த்து
அதன்மேல் கிடத்தினார்கள்.
தாண்டிக்குடியிலிருந்து வத்தலக்குண்டு வரை
எத்தனை கொண்டை ஊசி என்று
அன்றைக்குத்தான் எண்ணினேன்.
ஒவ்வொரு வளைவிலும் எட்டுக் கைகள்
அவர் கழுத்து அசையாமல் பிடித்தன.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் எழுபத்தொரு நாள்.
"இடுப்புக்குக் கீழே... பார்ப்போம்" என்றார் டாக்டர்.
அந்தப் பார்ப்போமை
முந்தானையில் முடிந்துகொண்டு மலையேறினேன்.

வந்தால் வீட்டுக்குக் கதவு இருந்தது.
படிகள் இல்லை.
பதினான்கு படியையும் கடப்பாரையால் பெயர்த்து
ரோட்டிலிருந்து வாசல்வரை
சரிவாகச் சிமெண்ட் பூசியிருந்தார் மாயழகு.
நடுவில் ஒரு குட்டிக் கொண்டை ஊசி வளைவு.
ஈரத்தில் நடந்த கோழியின் கால்தடம்
காய்ந்து கிடந்தது.

எங்கள் கல்யாண மொய் நோட்டில்
நாற்பது பக்கம் மிச்சம் இருந்தது.
அதில் எழுதத் தொடங்கினேன்.
மாயழகு, சிமெண்ட் ஆறு மூட்டை, கூலி வாங்கவில்லை.
ஸ்டெல்லா, எங்கள் காணியில் காபிப்பழ எடுப்பு, பதினெட்டு நாள்.
சலூன் முத்துவீரன், வீடு தேடி வந்து சவரம், வாரம் ஒன்று.
வாங்கிய கணக்கு தெரியாவிட்டால்
திருப்பிச் செய்வது எப்படி?

சிலதை எழுத வரவில்லை.
புண் வைக்காமலிருக்க
ராத்திரி ரெண்டு மணிக்கு அவரைப் புரட்டவேண்டும்.
சுவரைத் தட்டினால் போதும்,
கைலியை இறுக்கிக்கொண்டு
பக்கத்து வீட்டுச் செங்கோடன் வந்துவிடுவார்.
ஒரு தட்டுக்கு எவ்வளவு என்று போடுவது?

எல்லாரையும் வெறுத்த நாளும் உண்டு.
குழம்புக் கிண்ணம் கழுவித் திருப்பிக் கொடுத்தே
கை ஓய்ந்தது.
அவர் எப்படி இருக்கார் என்று கேட்டுவிட்டு
என்னைக் கேட்காமல் போனவர்களை
கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
கிழித்து அடுப்பில் போட்டேன்.
அவரோ பால்காரப் பையனிடம்
"என்னைப் பார்க்க டிக்கெட் வாங்கினியாடா" என்று கத்தினார்.
மறுநாள் பால் வந்தது.
பையனும் வந்தான்.

காபி காயும் களத்தில்
பழைய தண்ணீர்க் குழாய் இரண்டை
இடுப்புயரத்தில் கட்டினார்கள்,
பிடித்து நிற்க.
விடிகாலையில் இரும்பு கடித்தது.
ஸ்டெல்லா தன் சேலை ஒன்றைக் கிழித்துச் சுற்றினாள்,
பச்சையில் மஞ்சள் பூ.
மாதம் இருமுறை வரும் பிசியோதெரபிப் பெண்
முழங்காலுக்குப் பட்டை கட்டி
"எண்ணுங்க" என்பாள்.
அவர் வாய் திறக்கமாட்டார்.
களத்தில் காபி துழாவும் பெண்கள்
மூட்டை எண்ணும் ராகத்தில் எண்ணினார்கள்:
லாபம், ரெண்டு, மூணு...
ஏழுக்குமேல் போகவில்லை.
ஏழிலேயே ஆறு வாரம்.

தையில் மாயழகு மகளுக்குக் கல்யாணம்.
"மொய் எழுத நீதான் வரணும்,
உன் கையெழுத்துதான் எல்லாருக்கும் புரியுது"
என்று வந்து நின்றார்.
அவர் பூசிய சரிவிலேயே
சக்கர நாற்காலி இறங்கியது.
முதல் வரியில் தன் பெயரை எழுதி
எதிரே தொகையை விட்டுவிட்டார் இவர்.
பேனா அங்கேயே நின்றது.
நான் முடிச்சை அவிழ்த்து ஐயாயிரம் வைத்தேன்.
ஆறு மூட்டைக்கு அது காணாது.
ஊருக்கே தெரியும்.

அன்றிரவு விளக்கணைத்தபின் முனகினார்:
"இடது பாதம் குளிருது."

தை மாதம் இந்த மலையில்
வாய் உள்ளவர்கள் எல்லாம் சொல்வதுதான்.
அரைத் தூக்கத்தில் நானும்
"கம்பளியை இழுத்துக்குங்க" என்றேன்.

அப்புறம் எழுந்து உட்கார்ந்தேன்.
லைட்டைப் போட்டேன்.
தேடியதில் ஒரு காலுறைதான் கிடைத்தது.
இடது கால், ஒன்று போதும்.

மணி ரெண்டாகவில்லை.
சுவரைத் தட்டினேன்.